சந்தனம் வைத்த டிஸ்க் பிரேக்

ஆவடியில் மலை கிடையாது. அம்பத்தூரிலும் கிடையாது. பூந்தமல்லிப் பக்கம் நான் ஏறிய உயரமான இடம் மேம்பாலத்தின் நடுப்பகுதி. அப்படியிருந்தும், முப்பத்தோரு வருடம் ஆவடியில் ஒரு சைக்கிள் கடையில் ஃபிட்டராக இருந்த நான், கடைசிப் பதினைந்து வருடத்தில் அதிகமாகப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவை மலைச் சைக்கிள்கள்தாம். வாங்கியவர்கள் யாரும் மலைக்குப் போனதாக என் டைரியில் குறிப்பில்லை. மாங்காடு கோயிலுக்குப் போய் வந்தவர்கள் உண்டு.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. சென்ற வாரம் கடைப் பையன்கள் (எல்லோருக்கும் நாற்பது வயது நெருங்குகிறது, பழக்கத்தில் சொல்கிறேன்) வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார்கள். "அண்ணே, இப்ப மட்ட வெல வண்டிலயும் டிஸ்க்கு போட்டு அனுப்புறானுங்க. டிஸ்க்கு நல்லதா, ரிம் பிரேக்கு நல்லதான்னு கஸ்டமர் கேட்டா இன்னா சொல்றது? நீங்கதான் தும்முனதக்கூட டைரில எழுதி வச்சிகீறீங்களே, பாத்துச் சொல்லுங்க." பின்னால் இரண்டு பேர் சிரிப்பதும் பதிவாகியிருந்தது.

தும்மலை நான் எழுதியதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் டைரியில் இருக்கிறது. அது எனக்குப் பெருமை சேர்க்கும் பக்கம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை கற்ற காலத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. முதல் வருடம் பஞ்சர், இரண்டாம் வருடம் சக்கரக் கோட்டம் எடுத்தல், மூன்றாம் வருடத்தில் முழு வண்டி. அதன் பிறகு இருபத்தெட்டு வருடமும் எத்திராஜ் அண்ணனிடம்.

எத்திராஜ் அண்ணன் எங்கள் பட்டறைக்குத் தலைவர். திட்டியதை நான் கேட்டதில்லை. திட்டினால் தேவலை என்று தோன்றும்படி நடந்துகொள்வார். கடைக்குப் பின்புறம் ஒரு பழைய குடோன் உண்டு. அதில் லாரி ஏற நாற்பது அடி நீளத்தில் ஒரு சிமென்ட் சரிவு. சரிவு முடிந்து பன்னிரண்டாவது அடியில் அவர் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். எந்த வண்டியாக இருந்தாலும், அதைப் பூட்டியவனே மேலிருந்து ஓட்டி வந்து அந்தக் கோட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் சரியாக ஓரடி தள்ளி, கையில் டீயுடன் அவர் நிற்பார். உடம்பில் வெள்ளைச் சட்டை. வருடம் முழுவதும் வெள்ளைச் சட்டை. பிரேக் பிடிக்காவிட்டால் டீ யார் மேல் கொட்டும் என்று அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நின்றுவிட்டால் ஒரு வாய் குடித்துவிட்டு, "ம்" என்பார். அதன் பிறகுதான் சோதனைச் சீட்டில் கையெழுத்து.

டிஸ்க் பிரேக் எங்கள் கடைக்கு வந்த புதிதில் எனக்கு அதன்மேல் ஒரு மோகம். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு எஃகுத் தட்டு. அதை இரண்டு சின்னப் பட்டைகள் பக்கவாட்டில் கவ்வும். பேடு என்போம். பழைய வி பிரேக்கில் (பையன்கள் கேட்ட ரிம் பிரேக் அதுதான்) ரப்பர் கட்டைகள் சக்கர விளிம்பைக் கவ்வும். மழை பெய்தால் விளிம்பு நனையும், சகதி ஒட்டும், கவ்வல் குறையும். தட்டு தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. இதையெல்லாம் படித்து, டைரியில் நான்கு பக்கம் படத்துடன் எழுதி வைத்திருந்தேன். எத்திராஜ் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிக மாதிரி கீதுடா டைரி" என்றார். டைரி என்றுதான் என்னை அவர் கூப்பிடுவார். பெயர் சொல்லி அழைத்தது என் ஓய்வு விழாவில் மட்டும்.

அந்தச் சமயத்தில்தான் சுமதி கடைக்கு வந்தார். சேக்காட்டில் வீடு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை, காலை ஆறு முதல் இரண்டு வரை. மகள் பள்ளி விட்டு மூன்றரைக்கு வீடு திரும்பும் நேரத்தில் இவர் வீட்டில் இருக்க வேண்டும். வேறு ஆள் இல்லை. அதிகாலை ஷேர் ஆட்டோ நிரம்பினால்தான் நகரும். ரயிலென்றால் இரண்டு பக்கமும் நடை. அந்த மாதம் ஏற்கெனவே ஒரு நாள் தாமதம். மூன்று தாமதம் ஆனால் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிவிடுவார்கள், இரவு பத்துக்குத்தான் வெளியே விடுவார்கள்.

"பொண்ணு தூங்கின அப்பறம்தான் நான் ஊட்டுக்கு வருவேன். அது எனக்கு ஆவாது சார். அதான் சைக்கிளு," என்றார்.

கூட வந்திருந்தவர் அவர் தம்பி டில்லி. சைக்கிள் ஓட்டப்போவது அக்கா. தேர்ந்தெடுப்பது தான் என்ற முடிவோடு வந்திருந்தார்.

"முன்னாடி ஷாக்கு வோணும். பின்னாடியும் ஷாக்கு வோணும். இருபத்தோரு கியரு. ரெண்டு சைடும் டிஸ்க்கு."

"எந்த ரோட்டுல ஓட்டுவாங்க?" என்று எத்திராஜ் அண்ணன் உள்ளிருந்தே கேட்டார். யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது.

"சேக்காட்டுலர்ந்து எஸ்டேட்டு வரிக்கும்ணா."

"நடுவுல இமயமல எதுனா வருதா?"

சுமதி சிரித்துவிட்டார். டில்லி சிரிக்கவில்லை.

பின்பக்க ஷாக்கை நானே மறுத்தேன். அந்த விலையில் வரும் ஸ்பிரிங்கு பள்ளத்தை விழுங்குவதைவிட, மிதிக்கும் பலத்தைத்தான் அதிகம் விழுங்கும். எடையும் இரண்டரை கிலோ கூடும். முன்பக்கம் மட்டும் போதும் என்றேன். கியர் இருபத்தொன்றில் அந்த வழிக்குத் தேவை நான்கு. ஆனால் முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் பின்னால் ஏழும் இருந்தால் பழுது பாதி குறையும் என்று ஏழுக்கு இறக்கினேன். சுமதி ஐந்தடி ஓரங்குலம். பதினைந்து அங்குல ஃபிரேமில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படிந்தது. சக்கர விளிம்பு இரட்டைச் சுவர் அலுமினியம். இதுவரை எல்லாம் சரி.

கடைசியில் பிரேக். ஒரே மாடல், ஒரே ஃபிரேம். வி பிரேக் போட்டது ஒன்று, கம்பி இழுக்கும் டிஸ்க் போட்டது ஒன்று. சுமதி என்னைப் பார்த்துக் கேட்டார், "மழையில எது சார் நிக்கும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தவன் என்ன சொல்வேன்? "டிஸ்க்" என்றேன். டில்லி என் கையைக் குலுக்கினார்.

அவர்கள் முன்பணம் கட்டிப் போனதும் எத்திராஜ் அண்ணன் வந்தார். "மழயில நிக்கும், சர்தான். பேடு தேஞ்சா? தட்டு வளஞ்சா? சேக்காட்டுல அத்த எவன் பாப்பான்? அந்த ரோட்டுல கீற பஞ்சர் கடக்காரனுக்கு ரப்பர் கட்ட மாத்தத் தெரியும். நீ வரஞ்சிகீற படம் தெரியாது. காலீல அஞ்சரைக்கு நீயா போயி நிப்பே?"

அன்றைய டைரியில், "எ. அண்ணனுக்குப் புதிய பொருட்களில் நம்பிக்கை குறைவு" என்று எழுதினேன். இப்போது படிக்கும்போது காது சுடுகிறது.

வண்டியை ஆயுத பூஜை அன்று காலையிலேயே பூட்டி முடித்தேன். சரிவில் ஓட்டினேன். கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றது. "ம்." கையெழுத்து. சுமதிக்காக ஒரு தாளில் ஏழு குறிப்புகள் எழுதினேன். நான்காவது: டிஸ்க் தட்டில் எண்ணெய், கிரீஸ், கைவிரல் எதுவும் படக்கூடாது. அதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு.

மாலையில் பூஜை. கடையில் இருந்த எல்லா வண்டிகளையும் வரிசையில் நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்பது வருடா வருடம் என் பொறுப்பு. மற்றவர்கள் வைத்தால் கோணலாக இருக்கும். காய்ந்ததும் குங்குமம் உதிர்ந்துவிடுகிறது என்பது எனக்குப் பல வருடக் குறை. அந்த வருடம் சந்தனத்தையும் குங்குமத்தையும் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்தேன். அருமையாக ஒட்டியது. ஹேண்டிலில் ஒன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று, செயின் கவரில் ஒன்று. டிஸ்க் வண்டிகளில், இதற்காகவே செய்தது போல் வட்டமாக, பளபளப்பாக ஒரு தட்டு இருந்தது. அதில் மூன்று வைத்தேன். இரண்டு பக்கமும். ஏழு வண்டிகளுக்கும்.

சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட அதே கை. போட்டு ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அது எண்ணெயாகவே தோன்றவில்லை. அது பூஜை.

மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துச் சுமதி வண்டியை எடுத்தார். சோதனைச் சீட்டில் கையெழுத்து இருந்ததால் மறுபடி சரிவுக்குக் கொண்டுபோகவில்லை. அன்றைக்குக் கம்பெனி விடுமுறை. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவுக்குள் இரண்டு சுற்று சுற்றி நிறுத்திவிட்டாராம்.

அதற்கு அடுத்த நாள் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தார். வலது முழங்கையில் சிராய்ப்பு. இடது செருப்பின் முன்பக்கம் தேய்ந்து கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

"இன்னா சார் வண்டி குடுத்தீங்க? பிரேக்க புடிச்சா கத்துது. நிக்க மாட்டேங்குது."

காலையில் வழியிலிருக்கும் மேம்பாலத்தில் இறங்கும்போது இரண்டு லீவரையும் முழுக்கப் பிடித்திருக்கிறார். சத்தம் வந்ததே தவிர வேகம் குறையவில்லை. காலைத் தரையில் தேய்த்தபடியே போய், பாலம் இறங்கி முடியும் இடத்தில் ஆளுக்காகக் காத்திருந்த ஒரு ஷேர் ஆட்டோவின் பின்புறத்தில் மோதி நின்றிருக்கிறார். அது தினமும் அவர் போய்க்கொண்டிருந்த அதே ஆட்டோ.

"அந்தாளு எறங்கி வந்து இன்னா கேட்டான் தெரிமா? 'இன்னாக்கா, நேத்துதான் சைக்கிள் வாங்கிட்டேன், இனிமே வர மாட்டேன்னே. இன்னிக்கி மறுக்கா ஏற வந்துட்டியா'ன்னான். நாலு பேரு சிரிக்கிறாங்க. நான் கம்பெனிக்குப் போம்போது மணி ஆறு ஆயி ஏழு நிமிசம். ரெண்டாவது லேட்டு ஆயிப்போச்சு. நாளிக்கு ஒண்ணு ஆச்சுன்னா முடிஞ்சிது."

மறுநாள் அவர் ஆறு மணிக்குள் கம்பெனியில் இருக்க வேண்டும். என் முன்னால் இருந்த வேலை அவ்வளவுதான்.

"டிஸ்க்குல எண்ணெ ஏதாவது விட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எழுதிக் குடுத்த சீட்ட சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிகீறேன். நாலாவது சிவப்புல போட்டிருக்கீங்க. எம் பொண்ண அந்தத் தட்டுகிட்டயே விடல."

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். முறைப்படி பார்த்தேன். கம்பி இறுக்கம் சரி. கவ்வி நேராக இருந்தது. பேடு தேயவில்லை, எப்படித் தேயும், ஒருநாள் வண்டி. கம்பியைக் கால் சுற்று இறுக்கி, சரிவில் ஓட்டினேன். கோட்டைத் தாண்டிப் பதினோரு அடி. நல்லவேளை எத்திராஜ் அண்ணன் அப்போது உள்ளே இருந்தார். இன்னும் அரைச் சுற்று. ஒன்பது அடி. சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்டது.

சத்தத்துக்கு அவர் வெளியே வந்தார். குனிந்தார். தட்டில் இருந்த துளைகளில் ஒன்றுக்குள் ஆணி நுனியை விட்டுச் சுரண்டி, வெளியே எடுத்து மூக்கருகே வைத்தார். சிவப்பாக ஒரு பிசிறு.

"சந்தனம் நல்லா மணக்குது. எத்துல கொழச்ச?"

எனக்கு அந்த நொடியில் புரிந்தது. எண்ணெய் தட்டோடு நின்றிருக்காது. சுற்றும்போது பேடில் ஏறியிருக்கும். பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். டைரியில் நானே எழுதி வைத்தது, மூன்றாம் பக்கம்.

எத்திராஜ் அண்ணன் சுமதி பக்கம் திரும்பினார். "டைரி ஒண்ணு சொல்லணும்னு நெனைக்கிறான்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சொன்னேன். குங்குமம், தேங்காய் எண்ணெய், மூன்று பொட்டு, இரண்டு பக்கம், எல்லாம். தவறு வண்டியில் இல்லை, உங்களிடமும் இல்லை, என்னுடையது என்றேன்.

சுமதி முழங்கைச் சிராய்ப்பை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு, "அந்தச் சீட்ட கயட்டி எடுத்தாரட்டா சார்? உங்க ஊட்ல மாட்டிக்கிறீங்களா?" என்றார்.

பூஜை விடுமுறை, பாகங்கள் தரும் மொத்தக் கடைகள் திறக்க இன்னும் மூன்று நாள். கடையில் நின்ற மற்ற ஆறு டிஸ்க் வண்டிகளிலிருந்து பேடைக் கழற்றலாம் என்று போனேன். ஆறும் அதே பிரசாதத்தை வாங்கியிருந்தன.

"பேட நெருப்புல காட்டித் தேச்சா போயிடும்னு சொல்றாங்கண்ணே," என்றேன்.

"போயிடும். எது போயிடும்னுதான் தெரியாது," என்றார் அவர். "அந்தப் பாலத்துல நீ எறங்குறதுன்னா பண்ணு."

பிறகு ஃபிரேமைக் காட்டினார். ஒரே ஃபிரேம் இரண்டு மாடலுக்கும் வருவதால், வி பிரேக் மாட்டும் முளைகள் முன்னும் பின்னும் வெறுமனே நின்றுகொண்டிருந்தன. சக்கர விளிம்பும் இரண்டுக்கும் பொதுவானது. கைப்பிடி லீவரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அந்த வண்டியில் இருந்தது இரண்டு வகைக்கும் ஒரே அளவு கம்பி இழுக்கும் லீவர். கடையில் வி பிரேக் நான்கு ஜோடி இருந்தது.

சுமதி மகளைப் பார்க்க வீட்டுக்குப் போனார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஐந்து மணிக்கு டில்லியுடன் திரும்பி வருவதற்குள் மாட்டி முடித்தேன். முளைகளில் இருந்த பெயின்டைச் சுரண்டினேன். இல்லாவிட்டால் லீவரை விட்டதும் பிரேக்கின் கை திரும்பி வராது. ஸ்பிரிங்கு நுனியை நடுத் துளையில் வைத்தேன். ரப்பர் கட்டைக்கும் விளிம்புக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். கட்டையின் முன்நுனி இம்மியளவு முதலில் தொடும்படி சாய்வு, அப்போதுதான் கீச்சிடாது. கம்பியும் உறையும் புதிது. கடைசியாக விளிம்பைச் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். எத்திராஜ் அண்ணன் ஸ்டூலில் இருந்தபடியே, "விளிம்புல பொட்டு வச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நாலாவது தபா கழுவு" என்றார்.

டில்லிக்குத்தான் முகம் வாடிவிட்டது. "டிஸ்க்கு இல்லாத வண்டிய எவன்ணா மதிப்பான்? தெருவுல சொல்லிட்டேன்."

"தட்டு அப்டியே இருக்கட்டும்டா," என்றார் சுமதி. "நீ தெருவுல தட்டக் காட்டு. நான் கட்டய வச்சி நிறுத்திக்கிறேன்."

நான் சரிவில் ஓட்டிக் காட்டினேன். கோட்டுக்கு மூன்றடி முன்னால் நின்றது. ஆனால் எத்திராஜ் அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. "நீ ஓட்டி இன்னா பிரயோசனம்? நாளிக்குப் பாலத்துல எறங்கப் போறது அவங்க. அவங்க ஏறட்டும். நீ இங்க வந்து நில்லு." டீயை என் கையில் கொடுத்தார். நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓரடியில் நின்றேன். சரிவின் உச்சியில் சுமதி, ஹேண்டிலை இறுகப் பிடித்தபடி.

அவர் பயந்திருந்தார். முதல் முறை பாதிச் சரிவிலேயே காலை இறக்கித் தேய்த்துவிட்டார்.

"கால மேல வைம்மா," என்றார் எத்திராஜ் அண்ணன். "செருப்பு நம்ம கடயில விக்கிறதில்ல."

இரண்டாம் முறையும் கால் இறங்கியது. டில்லி, "வுடுக்கா, ஆட்டோலயே போய்க்கோ. ரெண்டாவது ஷிப்டுன்னா இப்ப இன்னா, பாப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"நீ பாத்துகின லட்சணம் எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறினார்.

மூன்றாம் முறை கால் மிதிகட்டையிலேயே இருந்தது. நேராக என்னை நோக்கி வந்தார். நான் கண்ணை மூடவில்லை என்று டைரியில் எழுதியிருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. சக்கரம் கோட்டுக்கு ஒன்றரை அடி முன்னால் நின்றது. டீ தளும்பியது, சிந்தவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே அவர் இன்னும் ஐந்து முறை ஏறி இறங்கினார். எத்திராஜ் அண்ணன் டீயைத் திருப்பி வாங்கி ஒரு வாய் குடித்து, "ம்" என்றார்.

பேடு வந்ததும் டிஸ்க்கை மறுபடி மாட்டித் தருவதாகச் சொன்னேன். பேடு வந்தது. சுமதி வேண்டாம் என்றுவிட்டார். ஆகையால் தம்பிகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: விலை குறைந்த வண்டியில், பழுதானால் அந்தத் தெருவிலேயே சரிசெய்ய ஆள் இருக்கும் பிரேக்தான் நல்ல பிரேக். விலை கொடுத்து நல்ல டிஸ்க் வாங்குகிறவர்களுக்குத் தாராளமாகப் பூட்டிக் கொடுங்கள், அது நன்றாகவே நிற்கும். பொட்டை மட்டும் ஹேண்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த மறுநாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

காலை ஐந்து பத்துக்கு அண்ணனூரில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். பையில் ஸ்பேனர், ரப்பர் கட்டை ஒரு ஜோடி, கம்பி ஒன்று. யாரும் போகச் சொல்லவில்லை. ஐந்து முப்பத்தெட்டுக்குக் கம்பெனி வாசலில் நின்றேன். காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்றார். பிரேக் பார்க்க வந்தேன் என்றேன். அவர் தள்ளிப் போய் நின்று என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நாற்பத்தைந்து. ஐந்து நாற்பத்தெட்டு. ஷேர் ஆட்டோக்கள் இரண்டு வந்து ஆட்களை இறக்கின. இரண்டிலும் அவர் இல்லை. ஐந்து ஐம்பத்தொன்றுக்குத் தெருமுனையில் திரும்பி வந்தார். தலையில் பூ, தோளில் சாப்பாட்டுப் பை, காலில் புதுச் செருப்பு. என் முன்னால் வந்து நிறுத்தினார். கால் கடைசியாகத்தான் இறங்கியது.

"இன்னா சார் இங்க? தையல் வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு யார்னா சொன்னாங்களா?"

"இல்ல. பாலத்துல எப்டி இருந்துச்சு?"

"எறங்குச்சி. நின்னுச்சி." வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தவர் திரும்பிப் பார்த்தார். "நாளிக்கு வராதீங்க. வாட்ச்மேன் யாருன்னு கேப்பாரு. இன்னான்னு சொல்றது?"

வரமாட்டேன் என்றேன். அவர் சைக்கிளை நிறுத்திப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார், வரிசையில் போய் அட்டையை நீட்டினார். பிறகு கதவுக்குள் மறைந்துவிட்டார்.

நான் கிளம்பவில்லை. சரியாக ஆறுக்குச் சங்கு ஊதியது. காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தினார். சுமதி உள்ளே இருந்தார்.